தேதி கரிக்குத்தான்

அவையில் வீற்றிருக்கும் பெரியவர்களுக்கும் ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவக் கண்மணிகளுக்கும் வணக்கம்.

கொஞ்சம் முன்னால் இந்த நூலகத்தின் மாடிப்படி ஏறும்போது ஒன்பதாம் வகுப்புத் தம்பி ஒருவர் என்னை மறித்தார். “சார், கீழடிப் பானையை கார்பன் டேட்டிங் பண்ணித்தானே 2600 வருஷம்னு சொன்னாங்க?” என்று கேட்டார். “பானையைப் பண்ணலப்பா” என்றேன். முகம் சுருங்கிவிட்டது. கீழடியின் வயதையே இந்தக் கிழவன் மறுக்கிறான் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. எழுதிக்கொண்டு வந்த தாளை அப்போதே மடித்துப் பையில் வைத்துவிட்டேன். அவர் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் இன்றைய பேச்சு முடிந்த மாதிரிதான்.

பானை என்பது சுட்ட மண். கல், பொன், வெண்கலம், மணி எதற்கும் இந்த முறையில் வயது பார்க்க முடியாது. ஒரு காலத்தில் உயிரோடு இருந்ததற்குத்தான் பார்க்கலாம். விறகுக்கரி, நெல், எலும்பு, துணி, பானையின் அடியில் பிடித்த சோற்றுக் காந்தல், இவையெல்லாம் ஆகும். கீழடியில் வயது பார்த்தது கரித்துண்டுகளுக்கு.

ஏன் உயிர் இருந்திருக்க வேண்டும்? நான் முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவன், ஐந்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நம் தலைக்கு மேலே காற்றைத் தாக்கிக்கொண்டே இருக்கின்றன. அதில் தெறிக்கும் நியூட்ரான் ஒன்று நைட்ரஜன் அணுவில் போய் விழுந்தால் அது கார்பன்-14 ஆகிறது. சாதாரண கார்பனோடு கலந்து, கரியமில வாயுவாகி, இலைக்குள் போகிறது. இலையைத் தின்ற ஆட்டுக்குள்ளும் ஆட்டைத் தின்ற நமக்குள்ளும் போகிறது. அளவு மிகச் சொற்பம். ஒரு லட்சம் கோடி கார்பன் அணுவில் ஏறத்தாழ ஒன்று. உயிர் இருக்கும்வரை வரவும் செலவும் நேராகவே இருக்கும். மரத்தை வெட்டிய நாளில் வரவு நின்றுவிடும், கார்பன்-14 தானாகச் சிதைந்துபோகும் செலவு மட்டும் நடக்கும். 5730 ஆண்டில் இருப்பு பாதியாகும். அடுத்த 5730 ஆண்டில் அந்தப் பாதியும் பாதியாகும். ஏறக்குறைய 50,000 ஆண்டுக்கு அப்பால் எண்ணுவதற்கே ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் 15 லட்சம் ஆண்டு என்று சொல்லப்படும் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்துக் கற்கோடரிகளுக்கு இந்த முறை பயன்படவில்லை. அங்கே வேறு தனிமங்களை வைத்துக் கணக்கிட்டார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் வில்லார்ட் லிப்பி, சிக்காகோ பல்கலைக்கழகத்து வேதியியலர். 1949இல் முறையை வெளியிட்டார், 1960இல் நோபல் பரிசு வாங்கினார். இயற்கையில் கார்பன்-14 இருக்கிறது என்று நிரூபிக்க அவர் முதலில் போய் நின்ற இடம் பிரமிடு அல்ல, பால்டிமோர் நகரத்துச் சாக்கடைக் கழிவு நிலையம். மனிதக் கழிவிலிருந்து வரும் மீத்தேன் நேற்றுச் சாப்பிட்ட சாப்பாட்டின் கார்பன், பெட்ரோலியத்து மீத்தேன் கோடி ஆண்டுப் பழசு. முதலாவதில் கதிரியக்கம் இருந்தது, இரண்டாவதில் இல்லை. பிரமிடு கட்டிய எகிப்திய மன்னர்களின் கல்லறை மரத்தை எடுத்து, தெரிந்த வயதோடு ஒப்பிட்டுப் பார்த்தது அதற்கப்புறம்தான். அறிவியலில் நாற்றம் பிடித்த வேலைதான் முதல் வேலை என்று என் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன்.

இந்த முறை வருவதற்கு முன் நம் ஊரில் வயது எப்படிப் பார்த்தார்கள்? 1945இல் மார்ட்டிமர் வீலர் என்ற பிரிட்டிஷ் தொல்லியலாளர் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டினார். இத்தாலியிலிருந்து வந்த பளபளப்பான சிவப்பு மட்கலங்கள் அங்கே கிடைத்தன. அவை எந்தக் காலத்தவை என்று ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். அதே மண்ணடுக்கில் கிடந்த நம் பானைகளுக்கும் அந்த வயதைக் கொடுத்தார். அன்றைக்கு அது பெரிய காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் நம் பானைக்கு ரோமாபுரித் தட்டுதான் ஜாமீன் நின்றது. ரோமாபுரிக்கு முந்திய அடுக்குகளுக்கு ஜாமீன் நிற்க யாருமில்லை. கரி வந்த பிறகுதான் நம் மண்ணுக்குத் தன் வாயாலேயே பேச வழி பிறந்தது. மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தில் 1960களிலேயே ஆய்வுக்கூடம் இயங்கியது. 1968-69இல் கொற்கையில் எடுத்த மாதிரிக்கு கி.மு. 785, முன்பின் 95 ஆண்டு என்று அங்கேதான் சொன்னார்கள். அந்த ஒரு தேதி ரொம்பக் காலம் தனியாகவே நின்றது. ஒற்றைத் தூணில் கூரை நிற்குமா?

சரி, கீழடிக்கு வருவோம். மத்தியத் தொல்லியல் துறை தோண்டிய காலத்தில் இரண்டு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. இன்றைக்கு முன் 2160 ஆண்டு, முன்பின் 30. 2200, முன்பின் 30. இதுதான் முடிவு, 2017இல் நாடாளுமன்றத்திலும் சொல்லப்பட்டது. உடனே நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? 2017இலிருந்து 2200ஐக் கழித்தார்கள். அப்படிக் கழிக்கக் கூடாது.

இந்த முறையில் ‘இன்று’ என்றால் 1950. உலகம் முழுக்க அப்படி ஒரு ஒப்பந்தம். அந்தக் காலகட்டத்துக்கு மேல் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14ஐக் கொட்டி, கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கிவிட்டன, கணக்கு கெட்டுப்போயிற்று. அது சின்ன விஷயம். பெரிய விஷயம் வேறு. காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்தது என்றுதான் லிப்பி எடுத்துக்கொண்டார். அது சரியில்லை என்று காட்டிக்கொடுத்தது மரம். கலிபோர்னிய மலைகளில் பல ஆயிரம் ஆண்டு வாழும் பைன் மரங்கள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு வளையம், எண்ணினால் வயது கச்சிதம். அந்த வளையங்களில் கார்பனை அளந்தபோது சில காலங்களில் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் இடறின. அதனால் ஆய்வுக்கூடம் தரும் எண்ணை, மர வளையங்களை வைத்து வரைந்த ஒரு வளைகோட்டில் பொருத்திப் பார்த்துத்தான் காலண்டர் ஆண்டாக மாற்ற வேண்டும். அப்படி மாற்றினால் 2200, முன்பின் 30 என்பது கி.மு. நான்காம் நூற்றாண்டின் முற்பாதியிலிருந்து இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை நீளும். நாம் ஓர் ஆண்டைக் கேட்டோம், அது ஏறக்குறைய 200 ஆண்டைக் கையில் கொடுக்கிறது.

அப்புறம் மாநிலத் தொல்லியல் துறையின் நான்காம் கட்ட அகழாய்வு, 2018. ஆறு மாதிரிகள் போயின. 2019 செப்டம்பரில் அறிக்கை வந்தது. 353 சென்டிமீட்டர் ஆழத்துக் கரி கி.மு. 580, 200 சென்டிமீட்டர் ஆழத்துக் கரி கி.மு. 205. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம், சொல்லிவிடுகிறேன். ஆழத்தில் இருப்பது பழசாகவும் மேலே இருப்பது புதுசாகவும் வந்திருக்கிறது. எலி வளை பறித்தோ, பின்னாளில் யாராவது குழி வெட்டியோ மண்ணைக் கலைத்திருந்தால் மேலது கீழாகிப் போயிருக்கும். ஒன்றரை மீட்டர் மண் சேர 375 ஆண்டு. ஒரு மனிதன் பிறந்து எழுபது வயதில் சாவதற்குள் அவன் வாசல் ஒரு முழத்துக்கும் குறைவாகத்தான் உயர்ந்திருக்கும். இப்படி அடுக்கோடு ஒத்துப்போகும் தேதிகளைத்தான் நான் நம்புவேன். ஒற்றை எண்ணைக் கண்டு மயங்குவதில்லை.

ஆனால் கி.மு. 580 என்று நாளிதழில் வந்ததே, அந்த ஆண்டு சித்திரையில் மூட்டிய அடுப்பு என்றா அர்த்தம்? ஆய்வுக்கூடத்துத் தாளில் எந்தத் தேதியும் ஒற்றை எண்ணாக வராது, ஒரு வரம்பாகத்தான் வரும். அதிலும் நமக்கு ஒரு துரதிர்ஷ்டம். ஏறத்தாழ கி.மு. 800க்கும் 400க்கும் நடுவே, நான் சொன்ன அந்த வளைகோடு மேடு பள்ளம் இல்லாமல் தட்டையாகக் கிடக்கிறது. தட்டைத் தரையில் தண்ணீர் ஊற்றினால் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியுமா? அந்த நானூறு ஆண்டில் எப்போது வெட்டிய மரமானாலும் கருவியில் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் காட்டும். ஐரோப்பாவின் இரும்புக் கால ஆய்வாளர்களும் இதே பள்ளத்தில் விழுந்து தவிக்கிறார்கள், ஹால்ஸ்டாட் சமதளம் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். தமிழி எழுத்து, அதாவது தமிழ் பிராமி, எப்போது தொடங்கியது, வைகைக் கரையில் ஊர்கள் எப்போது பெருத்தன என்று நாம் தலையைப் பிய்த்துக்கொள்கிறோமே, அதெல்லாம் சரியாக இந்தத் தட்டையான இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கீழடி ஆறாம் நூற்றாண்டு என்பதை இது பொய்யாக்காது. “ஆறா, ஐந்தா?” என்று மேசையைக் குத்திச் சண்டை போடுபவர்கள் இரண்டு பக்கத்திலும் கொஞ்சம் தண்ணீர் குடிக்கலாம்.

இன்னொரு சிக்கல், மரம். காரைக்குடிப் பக்கம் பெரிய வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண் இருக்கும். கட்டி நூறு ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டும்போது மரத்துக்கு வயது இருநூறு. அதன் நடு வைரம், மரம் நிற்கும்போதே வரவை நிறுத்திவிட்டது. நாளைக்கு வீட்டைப் பிரித்து அந்தத் தூணின் நடுத்துண்டை அடுப்பில் வைத்தால், இன்றைக்குப் பொங்கிய சோற்றுக்கு முந்நூறு ஆண்டு வயது வரும்! அதனால்தான் மரக்கரியைவிட நெல் உயர்வு. நெல் ஒரு பருவத்துப் பிள்ளை, ஆறு மாதத்துக்கு மேல் பொய் சொல்லத் தெரியாது.

பழனி பக்கம் பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் தோண்டியபோது ஓர் ஈமக்குழியில் நான்கு கால் சாடி ஒன்று கிடைத்தது, உள்ளே சுமார் இரண்டு கிலோ நெல். அதே குழியில் தமிழி எழுத்துப் பொறித்த பிரிமனை, பானையைச் சாயாமல் தாங்கும் வளையம், ஒன்றும் இருந்தது. நெல்லுக்கு கி.மு. 490 என்று தேதி வந்தது. எழுத்துக்கு யாரும் வயது பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. நெல்லும் பிரிமனையும் ஒரே நாளில் ஒரே துக்கத்தில் அந்தக் குழிக்குள் வைக்கப்பட்டன என்று நம்பினால்தான் எழுத்துக்கும் அதே வயது. எனக்கு அந்த நம்பிக்கை உண்டு. அசோகருக்கு முன் பிராமி இல்லை என்று வாதிடுபவர்களுக்கு இல்லை. எந்திரம் தன் வேலையை முடித்துவிட்டது, மிச்சமிருக்கும் வழக்கு குழியைப் பற்றியது.

தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் இது இன்னும் பெரிய வழக்காகிவிட்டது. அங்கே ஒரு முதுமக்கள் தாழியில் இருந்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை வந்தது. அதே ஊர் ஈமக்காட்டில் இரும்போடு கிடைத்த கரி கி.மு. 2953 முதல் 3345 வரை காட்டுகிறது, பானையோட்டுக்கும் கி.மு. 2000க்கு முந்திய தேதிகள் வந்திருக்கின்றன என்கிறது அது. பானையோட்டுக்கு எப்படி வயது பார்த்தார்கள் என்று தம்பி கேட்பார். அது வேறு முறை. மண்ணிலுள்ள தாதுத் துகள்கள் கடைசியாகச் சூடோ வெளிச்சமோ பட்டது எப்போது என்று அளப்பது. இரண்டு முறை, வேறுவேறு ஆய்வுக்கூடங்கள், இரண்டுமே மிகப் பழைய காலத்தைத்தான் காட்டுகின்றன. லேசாகத் தள்ளிவிட முடியாது. பழைய மரம் என்று சொன்னாலும் நூறு இருநூறு ஆண்டைத்தான் அதன் தலையில் கட்டலாம், இரண்டாயிரம் ஆண்டைக் கட்ட முடியாது. ஆனால் ஒரே இடுகாடு இரண்டாயிரம் ஆண்டு புழங்கியதா, அல்லது பழைய மண்ணிலிருந்த கரி பிற்காலத் தாழிக்குள் மண்ணோடு சேர்ந்து விழுந்ததா? நான் அங்கே இருந்தால் இன்னும் பத்துத் தாழியிலிருந்து நெல்லைத் தேடுவேன். இரும்பிலேயே எஃகாகிய துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. எஃகுக்குள் இருக்கும் கரி உலையில் ஏறிய கரி, அதையே பிரித்து அளக்கலாம். இப்போதைய கருவிக்குச் சில மில்லிகிராம் கார்பனே போதும். லிப்பி காலத்தில் கிராம் கணக்கில் எரித்து, ஒரு கிராமுக்கு நிமிஷத்தில் பதினான்கு துடிப்பு என்று காத்துக்கிடந்து எண்ணினார்கள். இப்போது அணுக்களையே நேராக எண்ணிவிடுகிறார்கள்.

கடைசியாக ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். கிணற்றை ஆழப்படுத்தும்போது கரி வந்ததாம். பானையோடும் நிறைய வந்ததாம். ஒரு தீப்பெட்டிக்குள் பஞ்சை வைத்து, அதில் நகம் அளவு கரித்துண்டுகளைப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். “இதை அமெரிக்காவுக்கு அனுப்பி எங்க ஊருக்கு வயசு சொல்லுங்க ஐயா” என்றார். எத்தனை அடியில் கிடைத்தது என்று கேட்டேன். “பொக்லைன்ல அள்ளிக் கொட்டுன மண்ணுல பொறுக்குனதுங்க” என்றார். பானையோடு எங்கே என்றேன். அதுவும் அந்தக் குவியலிலேயே இருந்ததாம், மறுநாள் லாரி ஏற்றிவிட்டார்களாம். பஞ்சும் செடியின் கார்பன்தான், கை வேர்வையும் கார்பன்தான் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அதையெல்லாம் ஆய்வுக்கூடத்தில் கழுவிவிடுவார்கள். காசு கட்டினால் அந்தக் கரிக்குத் தேதி நிச்சயமாக வரும். அந்தத் தேதியைக் கொண்டுபோய் எதன் மேல் ஒட்டுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. அந்தத் தீப்பெட்டி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.