எல்லாப் பன்னிரண்டும் ஒன்றல்ல

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

போன மழைக்காலத்தில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். தாத்தா வைத்திருந்தது, உரிமம் இப்போது பேரன் பெயரில். குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். நெடுக வழவழப்பு. வாய்ப்பக்கம் இரண்டு அங்குலம் மட்டும் திருகு மரை. எனக்கு மனசு துள்ளிவிட்டது.

இந்த வகைக்குப் பாரடாக்ஸ் என்று பெயர். 1863-ல் வடமேற்கு எல்லைச் சண்டையில் விக்டோரியா கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது வாங்கிய ஃபாஸ்பெரி என்ற ராணுவ அதிகாரி, 1885-ல் இதற்குக் காப்புரிமை எடுத்தார். லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி செய்து விற்றது. காடைக்கு ரவை என்கிற பொடி ஈய மணிகள், கரடிக்கு ஒற்றை ஈயக் குண்டு, இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, இப்போது வேட்டை இல்லை. ஆனாலும் துப்பாக்கி இருக்கிறது, தோட்டா போடுகிற கையும் இருக்கிறது.

"அண்ணே, பன்னிரண்டு போர்தானே, இது போதும்ல?" என்று பேரன் ஒரு பிளாஸ்டிக் தோட்டாவை நீட்டினார். போட்டுப் பார்த்தோம், வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. பயமே அங்கேதான். பன்னிரண்டு போர் என்பது குழலின் அகலக் கணக்கு: ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டையாக்கினால் ஓர் உருண்டையின் பருமன். தோட்டாவின் மேலுறையான கூட்டின் நீளத்தை அது சொல்லாது. அந்தத் தோட்டா வந்த பெட்டியில் 70 மி.மீ. என்று போட்டிருந்தது. அது சுட்ட பிறகு வாய் மடிப்பு விரிந்து நிற்கிற நீளம். சுடாத தோட்டா அதைவிடக் குட்டை. பழைய துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றின் அறை, அதாவது குழலில் தோட்டா உட்காருகிற இடம், 65 மி.மீ. தான்; இதை அளந்தேன், இதுவும் அதே. மடிப்பு விரிய இடமில்லாமல் முன்னால் குழல் குறுகுகிற கூம்பில் போய் முட்டும், வழி குறுகும், அழுத்தம் ஏறும். நூறு வருஷத்துக் குழல் அதைத் தாங்குமென்று நம்பி விரலை வைக்காதீர்கள்.

அப்புறம் அலமாரியிலிருந்து தாத்தாவின் தோட்டாக்களை எடுத்து வந்தார்கள். காகிதக் கூடு ஈரம் குடித்து ஊதி, அறை வாயிலேயே சிக்கியது. அடிப்பித்தளையில், மருந்தைப் பற்றவைக்கிற கேப்பைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. அவற்றை வாங்கின கடையிலேயே ஒப்படைக்கச் சொன்னேன்.

கூடவே நாலு பித்தளைக் கூடு, காலி. ஈரத்துக்கு அசையாது என்பதால் அந்தக் காலத்தில் காட்டுக்குப் போகிறவர்கள் பித்தளையைத்தான் விரும்பினார்கள். ஆனால் இந்தக் கூட்டின் சுவர் மெல்லியது, உள்வாய் அகலம். காகிதக் கூட்டுக்கான தக்கையை, அதாவது மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் வைக்கிற அடைப்பை, போட்டால் லொடலொடவென்று ஆடும். மருந்தின் புகை பக்கத்தால் நழுவும், குண்டு போகிற போக்கில் போகும். அதனால்தான் அந்தக் காலத்தில் இதற்கு ஒரு சுற்றுப் பெரிய தக்கை போட்டார்கள். கனமான சுவருள்ள பித்தளைக்குக் காகிதக் கூட்டின் தக்கையே பொருந்தும்.

பேரன் நாலு கூட்டையும் புளி போட்டுத் துலக்கி ஜன்னலில் வைத்தார். கடையில் 65 என்று எழுதின பெட்டியைக் கேட்டு வாங்கச் சொன்னேன். அதையும் போடுமுன், குழலைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டிவிடச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.