திராட்சைச் சாற்றில் ஒரு பிடி சாம்பல்

நேயர்களுக்கு வணக்கம். கிரேக்க நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் ஆகஸ்ட் இறுதி முதல் அக்டோபர் வரை அறுவடைக் காலம். பிழிந்த சாற்றில் பெரும்பங்கு மது வடிக்கப் போய்விட, மிஞ்சும் சிறு பங்கில் மாவைக் கரைத்துக் காய்ச்சி வீட்டார் செய்துகொள்ளும் இனிப்பே முஸ்தலெவ்ரியா.

பழத்தோலில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட் சாற்றை நெடுநேரம் சும்மா விட்டுவைக்காது என்பதால், பிழிந்த கையோடு அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். முறையாகச் செய்தால் இதற்குச் சர்க்கரையே தேவையில்லை; நன்கு பழுத்த மதுத் திராட்சைச் சாற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சர்க்கரைதான். தொல்லை தருவது அதிலுள்ள டார்டாரிக் அமிலத்தின் புளிப்பு. அதை அடக்கத்தான், சலித்த விறகுச் சாம்பலைத் துணியில் முடிந்து சாற்றுக்குள் இட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். சாம்பலின் காரம் அமிலத்தோடு சேர்ந்தவுடன் நுரை குபுகுபுவென்று விளிம்புவரை பொங்குகிறது. அந்த நேரத்தில் அடுப்பை விட்டு நகரக் கூடாது. பிறகு இறக்கி இரவு முழுவதும் தெளியவிட்டால், கசடு அடியில் தங்க, மேலே கண்ணாடிபோல் தெளிந்த சாறு நிற்கும். சில ஊர்களில் சாம்பலுக்குப் பதிலாகச் சுண்ணாம்புச் சத்து மிகுந்த வெண்மண்ணைப் பயன்படுத்துவதும் உண்டு.

சாம்பலால் இன்னொரு பயனும் இருக்கிறது. புளிப்பு மிகுந்த நீரில் மாவுச்சத்து கொதிக்கக் கொதிக்கச் சிதைந்து இளகிவிடும். புளிப்பு தணிந்த சாற்றிலோ அது நன்றாக இறுகும். ஒரு லிட்டர் சாற்றுக்குச் சுமார் 100 கிராம் மாவு போதும். ஆறிய சாற்றில் கட்டியில்லாமல் கரைத்து, கைவிடாமல் கிளறி, கொப்புளங்கள் வெடிக்கும் பதத்தில் தட்டுகளில் ஊற்றி, இலவங்கப்பட்டைத் தூள், எள், உடைத்த அக்ரூட் ஆகியவற்றைத் தூவுகிறார்கள். பெட்டியில் அடைத்த சாற்றையும் சர்க்கரையையும் சோளமாவையும் கொண்டு செய்வதற்கும் இன்று இதே பெயர்தான். அதில் இனிப்பு இருக்கும், அந்த ஆழ்ந்த சுவை இராது என்பது என் கருத்து.

மாவு சேர்க்காமல், தெளிந்த சாற்றை மட்டும் வற்றக் காய்ச்சினால், ஆண்டுக்கணக்கில் கெடாத பெதிமேசி என்னும் கரிய பாகு கிடைக்கும். அறுவடை முடிந்தபின் முஸ்தலெவ்ரியா வேண்டுவோர் அந்தப் பாகில் நீர் விட்டு இளக்கி, மாவு சேர்த்துக் கிளறிக்கொள்கிறார்கள். சைப்ரஸ் தீவில் பலூசே என வழங்கும் இதே கூழில், நூலில் கோத்த பாதாம், அக்ரூட் பருப்புகளைத் திரும்பத் திரும்பத் தோய்த்துக் காயவைத்து, குளிர்காலத்தில் துண்டு துண்டாக நறுக்கித் தின்கிறார்கள். அதன் பெயர் சுஜூக்கோ.