டச்சுக்காரன் வெட்டிய கால்வாய்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. எங்கள் ஆட்கள் யாரும் காற்றாலை என்று சொல்வதில்லை, காத்தாடி என்பார்கள். வேலை முடிந்த பிறகு கதை எழுதுகிறேன். 'அன்றைக்கு இப்படி நடந்திருந்தால்' என்றோ, 'இன்னும் நூறு வருடம் கழித்து இப்படி ஆனால்' என்றோ தொடங்குகிற கதைகள். சில சிறுபத்திரிகைகளில் வந்திருக்கின்றன. நாவல் எதுவும் இன்னும் புத்தகமாகவில்லை. அதனால் நிலையத்தார் என்னை எழுத்தாளர் என்று அறிமுகப்படுத்தியதை, 'ஆகப் பார்க்கிறவர்' என்று நீங்கள் திருத்திக்கொள்ளலாம்.

என்னோடு வேலை பார்க்கிற மூத்த அண்ணன் ஒருவர் ஒருமுறை கேட்டார்: "உள்ளதையே ஒருத்தனும் எழுதித் தீத்தபாடில்ல. இல்லாதத எதுக்குலே எழுதுக?" அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சமாளித்துவிட்டேன். இன்றைக்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்லிப் பார்க்கிறேன். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

முப்பந்தலில் கோபுரத்தின் உச்சிக்கு ஏறி, மேல்மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டினால் முதலில் கண்ணில் படுவது நெடுஞ்சாலை. சாலையோரத்தில் இசக்கியம்மன் கோவில். லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டி, இறங்கிக் கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டுதான் மேலே போவார்கள். வடக்கே மகேந்திரகிரி. அனுமன் இலங்கைக்குத் தாவியது மகேந்திர மலையிலிருந்து என்கிறது இராமாயணம். அந்த மகேந்திரகிரியில்தான் இன்றைக்கு இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களை எரித்துச் சோதித்துப் பார்க்கிறது. அது திருநெல்வேலி மாவட்டம் என்பீர்கள். கோபுரத்து உச்சியிலிருந்து பார்க்கிற கண்ணுக்கு மாவட்ட எல்லை தெரியாது. தெற்கே திரும்பினால் மருந்துவாழ் மலை. சஞ்சீவி மலையைத் தூக்கிப் போகும்போது சிந்திய துண்டு அது என்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும்.

இப்படி ஓர் ஊரில் இருந்துகொண்டு அற்புதத்தைப் புதிதாகத் தேடிப் போக வேண்டியதில்லை. அற்புதத்துக்கு இங்கே பஞ்சமில்லை. கணக்குக்குத்தான் பஞ்சம்.

கணக்கு என்று எதைச் சொல்கிறேன்? காற்றாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். காற்று நொடிக்கு 3 மீட்டர் வேகம்கூட இல்லையென்றால் மின்சாரம் வராது. 25 மீட்டரைத் தாண்டிவிட்டாலும் வராது, இயந்திரம் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். புயலடித்தால் ஏகத்துக்கு கரண்ட் கிடைக்கும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கேட்டு ஏமாந்துபோவார்கள். கதையில் வரும் எந்தச் சக்திக்கும் இதேபோல் ஒரு கீழெல்லையும் ஒரு மேலெல்லையும் வேண்டும். என் பாட்டிக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. அவள் சொன்ன கதைகளில் யட்சி நினைத்தபடியெல்லாம் ஆளை அடித்துவிட மாட்டாள். வழியில் நின்று சுண்ணாம்பு கேட்பாள். கையால் கொடுத்தால் போச்சு. கத்தி நுனியில் வைத்து நீட்டினால் பிழைத்தோம், இரும்பு அவளுக்கு ஆகாது. இந்தச் சட்டம் பாட்டியின் எந்தக் கதையிலும் மாறியதில்லை. அதனால்தான் பயம் வந்தது. எதையும் செய்யக்கூடிய பேயிடம் யாருக்கும் பயம் வராது, அலுப்புதான் வரும்.

இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கிற நாவலுக்கு வருகிறேன்.

1741இல் குளச்சல் கடற்கரையில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தோற்கடித்தது. பிடிபட்ட டச்சு அதிகாரி டி லன்னாய் பிறகு ராஜாவிடமே சேவகத்துக்குச் சேர்ந்து, படைக்குப் பயிற்சி கொடுத்து, பெரிய கப்பித்தான் ஆகி, 1777இல் இறந்து உதயகிரிக் கோட்டைக்குள் அடங்கியிருக்கிறார். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் கேட்டுக்கொண்ட கேள்வி, அன்றைக்கு டச்சுக்காரர் ஜெயித்திருந்தால்?

இந்த மாதிரிக் கேள்வி கையில் கிடைத்ததும் கை பரபரக்கும். பத்மநாபபுரம் அரண்மனையில் டச்சுக் கொடி, தக்கலைச் சந்தையில் டச்சுப் பேச்சு என்று அடுக்கத் தோன்றும். வாசிக்கிறவர் இரண்டு பக்கம் சிரிப்பார், மூன்றாம் பக்கத்தில் மூடி வைத்துவிடுவார். கொடி மாறினால் கொடிமரத்தடியில் இருக்கிறவனுக்கு என்ன மாறும் என்று பார்க்க வேண்டும். அதற்கு நான் இலங்கைப் பக்கம் திரும்பினேன். அங்கே கரையோரப் பகுதிகளை டச்சுக்காரர்கள் 1658 முதல் 1796 வரை கையில் வைத்திருந்தார்கள். அவர்கள் விட்டுப் போனவற்றில் இரண்டு எனக்குப் பயன்பட்டன. ஒன்று கால்வாய், மற்றது சட்டம்.

நம்மிடமும் ஒரு கால்வாய் உண்டு. ஏ.வி.எம். கால்வாய், அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியே இணைப்பதற்காக 1860இல் தொடங்கி, பூவாற்றிலிருந்து மண்டைக்காடு வரை வந்து நின்றுபோனது. இன்றைக்குப் பல இடங்களில் தூர்ந்து பாசி பிடித்துக் கிடக்கிறது. என் நாவலில் அதை டச்சுக்காரன் நூறு வருடம் முன்னாலேயே வெட்டி முடித்துவிடுகிறான். அவனுக்கு ஊர்மேல் பாசம் என்று நினைக்க வேண்டாம். மிளகு நனையாமல், களவு போகாமல் கப்பலுக்கு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

கால்வாய் குமரி வரை போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கெல்லாம் தண்ணீரில் போனால் கோட்டாற்று மாட்டுவண்டிக்காரர்கள் பிழைப்புக்கு என்ன செய்வார்கள்? சந்தை எங்கே நகரும்? பழையாறு கடலில் கலக்கிற இடம் மணக்குடி. ஆறும் கால்வாயும் கடலும் ஒன்றாகக் கூடுகிற இடத்தில்தான் பண்டகசாலை வரும், சுங்கச்சாவடி வரும், சாராயக்கடை வரும். ஆக என் கதையில் பெரிய பட்டணம் மணக்குடி. நாகர்கோவில், நாகராஜா கோவிலைச் சுற்றிக் கொஞ்சம் வீடுகளும் வயலுமாக ஒரு சின்ன ஊர். நாகர்கோவில் நேயர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. மணக்குடிக்காரர்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் பொழி இருக்கிறதே! மணல் மேடிட்டு ஆற்றுவாய் அடைபட்டுப் போகும், மழையில் நீர் ஏறினால் வெட்டிவிட வேண்டும். பொழி திறந்தால் உப்புநீர் உள்ளே வரும். கால்வாய்க்குள் உப்பேறினால் கரையோரத்து வயலும் கிணறும் கெட்டுவிடும். டச்சுக்காரன் அங்கே கட்டாயம் ஒரு பெரிய மடை கட்டியிருப்பான். மடை என்று ஒன்று இருந்தால் அதைத் திறந்து மூட ஆள் வேண்டும், படகுக்கு இவ்வளவு என்று வசூலிக்க ஒரு கணக்கப்பிள்ளை வேண்டும். அந்தக் கணக்கப்பிள்ளையின் மகள்தான் என் நாயகி. அவள் கொடியைக் காட்டிலும் மடைக்குத்தான் கடன்பட்டவள். மடை இல்லையென்றால் அவள் என் கதைக்குள் வந்திருக்கவே மாட்டாள்.

இனி சட்டம். யாழ்ப்பாணத்துத் தமிழர்களின் வழக்கங்களை டச்சுக்காரர்கள் 1707இல் எழுதித் தொகுத்தார்கள். அதுதான் தேசவழமை, இன்றைக்கும் அங்கே சட்டம். இதைப் படித்தபோதுதான் என் நாவலுக்கு உயிர் வந்தது. நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் மருமக்கள்வழி இருந்தது. ஒருவனுடைய சொத்து அவன் பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். பல வீடுகளில் கண்ணீரும் வழக்குமாக அது நடந்து, பேசிப் பேசி, 1920களில் திருவிதாங்கூரில் சட்டம் போட்டு மாற்றினார்கள். என் டச்சுக்காரன் அந்த வழக்கத்தைக் கேட்டு, எழுதி, முத்திரை குத்திவிடுகிறான். அதுவரை ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு கொஞ்சம் வளைந்துகொடுத்த வழக்கம், தாளில் ஏறியதும் வளைய மாட்டேன் என்கிறது. கணக்கப்பிள்ளை சாகிறார். மடையின் ஒவ்வொரு பலகையும் தெரிந்த மகள் வெளியே நிற்கிறாள். வேலை, அவருடைய தங்கை மகனுக்கு. அவனுக்கு நீச்சல்கூடத் தெரியாது.

நாவலில் இதுவரை ஒரு டச்சுக்காரனும் நாலு வரிக்குமேல் பேசவில்லை. பேச விடுவதாகவும் இல்லை.

இதே சங்கிலியில் இன்னொரு கண்ணி உண்டு. உண்மை வரலாற்றில், 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து எடுக்கும் தோரியம், கேஸ் விளக்கின் வலைக்குத் தேவைப்பட்டது. மணவாளக்குறிச்சி மணலுக்கு உலகத்தில் மதிப்பு வந்தது அப்படித்தான். என் கதையில் கயிறு ஆம்ஸ்டர்டாமுக்குப் போகிறது. அங்கே ஒருவன் அதே மணலைத் தட்டிப் பார்ப்பானா, எப்போது பார்ப்பான் என்பது இரண்டாம் பாகத்துக்கு. முதல் பாகமே முடியவில்லை, அதனால் அதைப் பற்றி ரொம்பப் பேசுவது சரியல்ல.

குமரிக்கண்டம் பற்றி ஒரு நாவல் எழுதலாமே என்று கேட்காத ஆளில்லை. "பஃறுளி யாற்றுடன் பன்மலை யடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள" என்கிறது சிலப்பதிகாரம். அந்த வரியைக் கடலோரத்தில் நின்று சொல்லிப் பார்த்தால் யாருக்கும் சிலிர்க்கும், எனக்கும் சிலிர்க்கும். ஆனால் அந்த வரியோடு பின்னாளில் லெமூரியாவைக் கொண்டுவந்து ஒட்டினார்கள். 1864இல் ஸ்க்லேட்டர் என்ற விலங்கியலாளர், லெமூர் இனத்து விலங்குகள் மடகாஸ்கரிலும் அவற்றின் சுவடுகள் இந்தியாவிலும் இருப்பதற்குக் காரணம் சொல்வதற்காக ஊகித்த நிலம் அது. கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்த பிறகு அந்த ஊகம் தேவையற்றுப் போயிற்று. எனக்கு அவ்வளவு பெரிய கண்டம் வேண்டாம். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. நம் மீனவர்கள் போய் வருகிற வாட்ஜ் பேங்க், குமரிக்குத் தெற்கே கடலுக்கடியில் இருக்கிற மேடு. அன்றைக்கு அங்கே நடந்து போயிருக்கலாம். ஒரு குடும்பம், நாலைந்து தலைமுறை, ஒவ்வொரு தலைமுறையும் குடிசையைக் கொஞ்சம் வடக்கே தள்ளிப் போடுகிறது. கடல் ஒரே நாளில் விழுங்கவில்லை, வருடா வருடம் வாடகையை ஏற்றிக்கொண்டே போகிறது. இது குறுநாவலாகத்தான் வரும்.

முப்பந்தலை வைத்து ஒரு சிறுகதை முடிந்துவிட்டது. அதில் ஓர் இசக்கிக்கு ஒரு சாபம். மணவாளக்குறிச்சி மணலில் இருக்கிற தோரியத்தில் பாதி, கதிர்வீசிக் கரைகிற வரை அவள் சாலையோரத்தில் நிற்க வேண்டும். பாதி கரைய சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். சாபம் கொடுத்தவனுக்கு அது தெரியாது, அவளுக்கும் தெரியாது. காத்தாடி பழுதுபார்க்க வந்த ஒருவன் அவளிடம் கணக்கைச் சொல்லிவிடுகிறான். இந்தக் கதையை இரண்டு பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். 'இதில் அறிவியல் எங்கே' என்று ஒன்றிலிருந்து கேட்டார்கள். 'பயமே வரவில்லையே' என்று மற்றதில் எழுதினார்கள். இரண்டு கடிதத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் நான் தொட மாட்டேன். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து வீடுகளிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. காணாமல் போன படகு வேறொரு காலத்தில் போய்க் கரை சேர்கிறது என்று எழுதுவது எனக்கு ஒரு வாரத்து வேலை. வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிற வீடுகள் அங்கே இன்னும் இருக்கின்றன. அவர்கள் சொன்னால் எழுதலாம், நானாக எழுதக்கூடாது.

எப்போது எழுதுகிறேன் என்று பலர் கேட்பார்கள். மே முதல் செப்டம்பர் வரை காற்றுக் காலம். அப்போது ஒரு காத்தாடி நின்றால் கம்பெனிக்கு நஷ்டம், எங்களுக்குத் தூக்கம் கிடையாது. அந்த மாதங்களில் போனில் குறிப்புகள் மட்டும். நாஞ்சில் பேச்சை வாயால் சொன்னால் போன் அதை என்னென்னமோ ஆக்கிவைக்கும், பிறகு நானே படித்துப் பார்த்தாலும் புரியாது. அக்டோபரில் காற்று அடங்கினால் எழுத்து. அமெரிக்காவில் 1999இல் தொடங்கி, நவம்பர் ஒரே மாதத்தில் 50,000 சொல் எழுதுகிற ஒரு பழக்கம் உலகமெங்கும் பரவியிருந்தது. அதை நடத்திய அமைப்பு 2025இல் மூடிவிட்டது. நவம்பர் என்ற மாதம் மட்டும் எனக்கு வசதியாகப் போய்விட்டது. வடகிழக்குப் பருவமழை, வேலை குறைவு, அடிக்கடி கரண்டும் போகும். கரண்ட் தயாரிக்கிற ஊரில் மெழுகுவத்தி வைத்து எழுதுகிறேன் என்று வீட்டில் சிரிப்பார்கள்.

நாவலில் இப்போது நான் முட்டி நிற்கிற இடம் ஒரு படகுப் பயணம். நாயகி தேங்காப்பட்டணத்திலிருந்து கால்வாய் வழியாக மணக்குடிக்கு வருகிறாள். மேற்குக் கரையோரத்தில் ஏ.வி.எம். கால்வாயில் வள்ளம் போனதைப் பார்த்த பெரியவர்கள், பார்த்தவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இருப்பீர்கள். வள்ளத்தைக் கழி ஊன்றித் தள்ளினார்களா, கரையில் நடந்து கயிறு கட்டி இழுத்தார்களா? ராத்திரியில் ஓட்டினார்களா? எதிரில் இன்னொரு வள்ளம் வந்தால் யார் ஒதுங்குவது? கூலி பணமாகவா, நெல்லாகவா? தெரிந்தவர்கள் நிலையத்துக்கு ஒரு கடிதம் போட்டால் என் கைக்கு வந்துவிடும். யார் ஒதுங்குவது என்ற அந்தக் கேள்விக்கு முதலில் பதில் வந்தால் நல்லது, நாயகியின் வள்ளம் அங்கேதான் நிற்கிறது.

வணக்கம்.