பின்சீட்டுல அப்பா: சொகுசு எஸ்யூவி டெஸ்ட் டிரைவ் போன கதை

வணக்கம் மக்களே. இப்ப நான் கடலூர் சில்வர் பீச்ல, என் பழைய கார்ல உக்காந்து பேசிட்டு இருக்கேன். அப்பா சுண்டல் வாங்கப் போயிருக்காரு. அவரு வர்றதுக்குள்ள முடிச்சிடணும், இல்லன்னா அவரே பேச ஆரம்பிச்சிடுவாரு, அப்புறம் நான் கேமரா புடிக்கிற ஆளுதான். கண்ணாடிய ஏத்தியாச்சு. வெளிய கடல்காத்து பிச்சிக்கிட்டுப் போவுது. உள்ள அது எவ்ளோ கேக்குதுன்னு உங்களுக்கும் தெரியும், பதினோரு வருஷ வண்டி.

விஷயம் இன்னான்னா, ரெண்டு வாரமா சின்ன சைஸ் சொகுசு எஸ்யூவி பாத்துட்டு இருக்கேன். பிஎம்டபிள்யூ எக்ஸ் 1, ஆடி கியூ 3, பென்ஸ் ஜிஎல்ஏன்னு சொல்லுவாங்கல்ல, அந்த ரகம். எந்த வண்டி, எந்த ஷோரூம்னு சொல்லப் போறதில்ல. ஏன்னா நான் திட்டப் போறதுல பாதி வண்டியோட தப்பு இல்ல. கடைசியில என் தப்பும் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடுறேன்.

மொத தடவை போனப்ப இன்னா ஆச்சு தெரியுமா? சேல்ஸ் தம்பி நல்ல பையன். வண்டிய வாசல்லயே ஸ்டார்ட் பண்ணி, ஏசிய மூணுல வெச்சு, பாட்டு போட்டு ரெடியா வெச்சிருந்தாரு. ஏறினோம். அகலமான, வழவழன்னு புதுசா போட்ட ரோடு. ஒரு யூ டர்ன். திரும்ப ஷோரூம். மொத்தமே பன்னெண்டு நிமிஷம். நடுவுல தம்பி சொல்றாரு, "சார், எவ்ளோ சைலன்ட்டா இருக்கு பாத்தீங்களா?" தம்பி, பாட்டு ஓடுதுப்பா! பாட்டு ஓடுறப்போ நான் எப்படிப்பா சைலன்ட்டக் கேக்கறது?

வீட்டுக்கு வந்து அம்மா கேட்டாங்க, வண்டி எப்படின்னு. "நல்லாருக்கும்மா"ன்னேன். எது நல்லாருக்குன்னு கேட்டாங்க. எனக்கு ஞாபகம் வந்தது சீட்டோட தையலும் அந்த பெரிய ஸ்கிரீனும்தான். கிட்டத்தட்ட அரை கோடி ரூபா வண்டிங்க. ஒரு தோசைக்கல்லு வாங்கினாகூட அம்மா கடையில தட்டிப் பாத்துதான் வாங்குவாங்க.

அதனால ரெண்டாவது தடவை நான் ரோட்ட முடிவு பண்ணிட்டேன். என் ரோடுன்னா இன்னா? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பாண்டியிலேர்ந்து கடலூர் மஞ்சக்குப்பம் போறேன். 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. நான் வாங்குற வண்டி வாழ்நாள் பூரா ஓடப் போறது அதுலதான். "சார், கடலூர் வரைக்கும்லாம் விடமாட்டாங்க சார்"னாரு தம்பி. சரி, கிருமாம்பாக்கம் வரைக்கும் போயி திரும்பிடலாம்னு பேசி முடிச்சேன். இன்னொரு கண்டிஷன், அப்பா பின்சீட்டுல வருவாரு. அவருக்கு இடுப்பு வலி, முதுகெலும்புல கீழ இருக்குற எல் 4, எல் 5 எலும்புன்னு டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு பர்ஸ்லயே இருக்கும். அவர விட நல்ல மீட்டர் எனக்குக் கெடைக்காது.

கிளம்பின உடனே பாட்ட நிறுத்திட்டேன். முதலியார்பேட்டைக்கு முன்னாடி ஏ.எஃப்.டி. மில்லுகிட்ட ரயில்வே கேட் இருக்குல்ல, அதுதான் மொத பரீட்சை. மெதுவா, இருபதுல ஏத்தி இறக்கினேன். இங்க ரெண்டு விஷயம் கவனிக்கணும். தண்டவாளம் இடிக்கிறப்போ காதுக்கு வர்ற சத்தம் ஒண்ணு, முதுகுக்கு வர்ற இடி ஒண்ணு. ரெண்டும் ஒண்ணா வரணும்னு இல்ல. சில வண்டி "டொம்"முன்னு சத்தம் போடும், ஆனா உடம்புக்கு ஒண்ணும் தெரியாது. சிலது சத்தமே இல்லாம இடுப்புல நறுக்குன்னு குத்தும். இந்த வண்டி ரெண்டாவது ரகம். முன்னாடி நான் "ஆஹா"ங்கிறேன், பின்னாடி அப்பா "ம்ம்"ங்கிறாரு.

ஏன்னு கொஞ்சம் சொல்றேன். வண்டியில ரெண்டு விதமான ஆட்டம் இருக்கு. ஒண்ணு, பாலம் ஏறி இறங்குறப்போ பாடி மொத்தமும் மெதுவா மேல போயி கீழ வர்றது, நொடிக்கு ஒண்ணு, ஒண்ணரை தடவை. அது ஊஞ்சல் மாதிரி, பெருசா வலிக்காது. ஆனா இறங்கின வண்டி ஒரே தடவையில அடங்கணும். ரெண்டு மூணு தடவை ஆடிட்டே இருந்தா பின்னாடி இருக்குற புள்ளைங்களுக்கு வாந்தி வரும். இன்னொண்ணு, ஒட்டு போட்ட ரோட்டுல சக்கரம் நொடிக்குப் பத்து, பதினஞ்சு தடவை படபடன்னு துள்ளுறது. அது தரையிலேர்ந்து சீட்டு வழியா ஏறி வரும். நம்ம உடம்புக்கு மேலயும் கீழயுமா வர்ற அதிர்வுல ரொம்ப ஒத்துக்காதது நொடிக்கு நாலுலேர்ந்து எட்டு. வயிறு, நெஞ்செல்லாம் அந்த வேகத்துலதான் சேந்து குலுங்கும். சீட்டு மெத்துன்னு இருந்தா ஷோரூம்ல ஏமாந்துடுவோம். மெத்தை எவ்ளோ நல்லா இருந்தாலும் கீழேர்ந்து வர்ற குலுக்கல் முழுசா நிக்காது.

அரியாங்குப்பம் தாண்டினதும் தம்பிய ஓட்டச் சொல்லிட்டு நான் பின்னாடி போயி அப்பா பக்கத்துல உக்காந்தேன். இதைக் கண்டிப்பா பண்ணுங்க. ஓட்டுறவனுக்கு ஸ்டீயரிங் கையில இருக்கும், பள்ளம் வர்றது கண்ணுல தெரியும், உடம்பு தானா தயாராயிடும். பின்னாடி இருக்குறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அதுவும் இந்த சின்ன எஸ்யூவிகள்ல பின்சீட்டு கிட்டத்தட்ட பின்சக்கரத்து மேலயே இருக்கும், இடி நேரா வந்து சேரும்.

அங்கதான் எனக்கு ஒண்ணு பட்டது. அப்பாவோட தலையப் பாத்தேன். இடது சக்கரம் மட்டும் பள்ளத்துல இறங்குறப்போ அவரு தலை டக்குன்னு இடமும் வலமும் ஆடுது, கோயில் மாடு தலையாட்டுற மாதிரி. உயரமான வண்டி வளைவுல சாயக்கூடாதுன்னு ரெண்டு பக்க சக்கரத்தையும் ஒரு கம்பியால இணைச்சிருப்பாங்க, ஆன்ட்டி ரோல் பார். அது விறைப்பா இருந்தா வளைவுல வண்டி நிமிந்து நிக்கும், ஆனா ஒரு சக்கரம் பள்ளத்துல விழுந்தா மொத்த பாடியும் சேந்து வெட்டும். வளைவுக்குக் குடுத்த சுகத்த பள்ளத்துல திருப்பி வாங்கிக்குது. முன்னாடி உக்காந்து ஸ்டீயரிங் புடிச்சிருந்தப்போ இது எனக்குக் கொஞ்சம்கூடத் தெரியல. அப்பா ஒண்ணும் சொல்லல, மேல இருக்குற கைப்பிடியப் புடிச்சிக்கிட்டாரு. அவ்ளோதான். அதுக்கு மேல ஒரு ரிவ்யூ வேணுமா?

சரி, சத்தத்துக்கு வர்றேன். பாட்டு மட்டும் இல்ல, ஏசி ப்ளோயரையும் ஒரு ரெண்டு நிமிஷம் நிறுத்துங்க. வெயில்ல வேர்க்கும், பரவால்ல. ஊருக்குள்ள மெதுவாப் போறப்போ கேக்குறது இன்ஜின். இந்த ரகத்துல சிலது மூணு சிலிண்டர் இன்ஜின், சிக்னல்ல நிக்கிறப்போ ஸ்டீயரிங்ல கைய லேசா வெச்சா ஒரு நடுக்கம் தெரியும், அதையும் பாருங்க. நாப்பது, அம்பதுக்கு மேல போனா டயர் சத்தம் இன்ஜின முழுங்கிடும். நூறு பக்கம் போனாதான் காத்து சத்தம் பெருசா வரும். அது கடலூர் ரோட்டுல தெரியாது, திண்டிவனம் நாலு வழி ரோட்டுக்குத்தான் போகணும்.

ரோட்டப் பொறுத்து டயர் சத்தம் மாறும். புதுத் தார்ல "ஸ்ஸ்ஸ்"னு போற வண்டி, ஜல்லி பல்ல இளிச்சிட்டு இருக்குற பழைய ரோட்டுல "ஊம்ம்ம்"முன்னு ஊதும். தவளக்குப்பம் தாண்டி ஒரு துண்டு ரோடு அப்படி இருந்துச்சு. கண்ண மூடிக் கேட்டேன். இடது பின்சக்கரத்துக்கு மேல, டிக்கி பக்கத்துலேர்ந்து ஒரு கார்வை. டயருக்குள்ள அடைஞ்சிருக்குற காத்தே மேளம் மாதிரி அதிரும், நொடிக்கு 200 தடவை பக்கத்துல. எஸ்யூவியில டிக்கியும் கேபினும் ஒரே பெட்டி, தடுப்பு கெடையாது. அதனால டிக்கி தனியா இருக்குற செடான்ல வராத கார்வை இதுல வரும். சில டயர்ல உள்பக்கம் ஸ்பாஞ்ச் ஒட்டி வர்றது இதுக்காகத்தான்.

போன்ல டெசிபல் ஆப் போட்டுப் பாத்தேன். அந்த நம்பர நம்பி வண்டி வாங்காதீங்க. அந்த ஆப் எல்லாம் பெரும்பாலும் காது கேக்குற மாதிரி கணக்குப் போட்டு, அடிக்குரல் சத்தத்தக் கொறச்சுதான் காட்டும். ஆனா ஒரு மணி நேரம் போனா தலைய வலிக்க வெக்கிறதே அந்த அடிக்குரல் கார்வைதான். ஒரே போன், ஒரே இடத்துல வெச்சு, ஒரே ரோட்டுல ரெண்டு வண்டிய ஒப்பிட மட்டும் வெச்சிக்கலாம். பத்து டெசிபல் கூடினா காதுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கா கேக்கும், அதனால ரெண்டு மூணு டெசிபல் வித்தியாசத்தையும் சும்மா விடாதீங்க. என்னோட டெஸ்ட் அதவிட சுலபம். அறுபதுல போறப்போ பின்சீட்டுலேர்ந்து அப்பா சாதாரணக் குரல்ல பேசணும், முன்னாடி தம்பி "என்னங்க சார்?"னு கேக்கக்கூடாது. அவரு ஒரு தடவை கேட்டாரு. ஜல்லி ரோட்டுலதான்.

சுண்ணாம்பாறு பாலத்துல இன்னொரு கூத்து. போறப்போ டிரைவர் பக்கக் கதவுல ஒண்ணும் இல்ல, இடது கதவுல "விஷ்ஷ்"னு காத்து. கதவு ரப்பர் சரியில்லன்னு குறிச்சிக்கிட்டேன். திரும்பி வர்றப்போ அப்படியே தலைகீழ், டிரைவர் பக்கம் விசில் அடிக்குது. பாலத்துல கடல்காத்து குறுக்கால அடிச்சிருக்கு, அவ்ளோதான். அதனால போன ரோட்டுலயே திரும்பி வந்து கேக்கணும், ஒரு வழியில கேட்டுட்டு வண்டியக் குத்தம் சொல்லக்கூடாது. கண்ணாடியும் பாருங்க. பாதி இறக்கிட்டு மேல் விளிம்பப் பாத்தா, ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒரு மெல்லிசு கோடு தெரிஞ்சா அது ஒட்டுக் கண்ணாடி, சத்தத்த அடக்கும். பல வண்டியில முன் கதவுக்கு மட்டும் அதக் குடுத்துட்டு பின் கதவுக்கு சாதா கண்ணாடி போட்டிருப்பாங்க. ஓட்டுறவன்தான காசு குடுக்குறான்!

அப்புறம் அந்த "டக்... டக்..." சத்தம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னாடிலேர்ந்து வருது. தம்பி மொகம் வெளுத்துப் போச்சு. "புது வண்டி சார், செட்டாவும் சார்." சன்ரூஃபக் கையால அழுத்திப் பாத்தேன், இல்ல. சஸ்பென்ஷனோன்னு எனக்கு சந்தேகம். ஓரங்கட்டி டிக்கியத் தொறந்தா, அடியில அந்த முக்கோண எச்சரிக்கைப் பலகை கொக்கிலேர்ந்து கழண்டு, ஜாக்கி மேல ஆடிட்டு இருக்கு. என் கைக்குட்டைய மடிச்சு நடுவுல வெச்சேன், நின்னுபோச்சு. கைக்குட்டை இன்னும் அந்த வண்டியிலதான் இருக்கு.

முக்கியமானது இப்பதான். திரும்பி வந்து ஷோரூம்ல எறங்கினதும், என் கையில இருந்த காத்து மீட்டர எடுத்து டயர்ல வெச்சேன். தம்பி சிரிச்சாரு. நாலு டயர்லயும் காத்து 41, 42 பி.எஸ்.ஐ. கதவுத் தூண்ல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல போட்டிருக்கிறது 33. ஓடின சூட்டுல மூணு நாலு ஏறும், சரி, அதுக்கு மேல எதுக்கு? யாரும் எறக்கி விடல, அவ்ளோதான். அப்பா இடுப்புல குத்தினதுல ஒரு பங்கு காத்து. இன்னொரு பங்கு சக்கரம். அந்த வண்டியில 19 இன்ச், 245/45 டயர். அதாவது டயரோட அகலம் 245 மில்லிமீட்டர், ரப்பர் சுவரோட உயரம் அதுல 45 சதவீதம், 110 மில்லிமீட்டர். அதுக்குப் பதிலா 225/55, 18 இன்ச் போட்டா சுவரு 124 மில்லிமீட்டர். சக்கரத்தோட மொத்த உயரம் கிட்டத்தட்ட அதேதான், ஆனா குத்து வாங்கிக்கிற ரப்பர் 14 மில்லிமீட்டர் கூட. பஞ்சரானாலும் ஓடுற ரன் ஃப்ளாட் டயரா இருந்தா சுவரே விறைப்பு, அத தனியா கேட்டுக்குங்க. போட்டோவுல பெரிய சக்கரம் அழகாத்தான் இருக்கு. அந்த அழகு அப்பாவுக்கு உள்ள உக்காந்தா தெரியாது.

நான் அன்னைக்கே வீட்டுல சொல்லிட்டேன், "நம்ம பழைய வண்டியே இதவிட மெத்துன்னு போவுது"ன்னு. அரியாங்குப்பத்துலேர்ந்து கிருமாம்பாக்கம் வரைக்கும் பழைய வண்டியிலயும் ஓட்டிப் பாத்துட்டுதான் சொன்னேன். பெருமையா இருந்துச்சு.

இன்னைக்குக் காலையில கிளம்புறப்போ சும்மா இந்த வண்டிக்கும் மீட்டர் வெச்சேன். இருக்கவேண்டியது 32. இருந்தது 25. நாலும்! கால்வாசி காத்து இல்லாத டயர்ல ஓட்டினா கட்டவண்டியும் மெத்துன்னுதான் போவும். ஒரு பக்கம் 42, இன்னொரு பக்கம் 25 வெச்சிட்டு நான் ரெண்டு வண்டியும் ஒப்பிட்டிருக்கேன். தம்பிகிட்ட வேற காத்து பத்தி பாடம் நடத்திட்டு வந்திருக்கேன்.

அதனால தம்பிக்குப் போன் போட்டேன். 18 இன்ச் சக்கரத்தோட வண்டி இங்க இல்லயாம், சென்னையிலேர்ந்து வர்ற வாரம் வருமாம். "காத்து நானே பாத்து வெச்சிடுறேன் சார்"னாரு, குரல்ல ஒரு குசும்பு. வேணாம்பா, மீட்டரோட நானே வர்றேன்னேன். பழைய வண்டிக்கும் 32 வெச்சாச்சு, இப்ப வர்ற வழியிலேயே தெரிஞ்சுபோச்சு, ஏ.எஃப்.டி. கேட்ல அப்பா ரெண்டு தடவை "ம்ம்"னாரு.

அதோ சுண்டலோட வர்றாரு. கதவத் தொறக்குறேன், காத்து சத்தம் வரும், மன்னிச்சிடுங்க.