கொசப்பேட்டையில் பழைய வீடு: பொதுச்சுவரும் ஒரு தேக்குக் கட்டையும்

வணக்கம், ஏணி மேல் நின்றுகொண்டு பேசுகிறேன், கேமரா கொஞ்சம் ஆடும். வேலூர் கொசப்பேட்டையில் வாங்கிய பழைய வீட்டை உள்ளே காட்டுங்கள் என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள், இதுதான் அது. 14 அடி அகலம், 60 அடி நீளம், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது, முன்னால் திண்ணை, நடுவில் சின்ன முற்றம், மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன் மேல் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, சுண்ணாம்பில் பிடித்த தளம் இது. மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு, வேலூர் வெயில் வெளியே கொளுத்தும்போது, இந்தக் கூடத்தில் வந்து உட்கார்ந்தேன். வாங்குவது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

இப்போது இதைப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரைக் கட்டையின் நடுவில் வைத்து அழுத்துகிறேன், நுனிகூட இறங்கவில்லை. அதே கட்டை சுவருக்குள் போகிற இடத்தில் அழுத்தினால் இரண்டு அங்குலம் உள்ளே போகிறது, கூடவே ஈர மண் மாதிரி உதிர்கிறது. கட்டையின் தலை சுவருக்குள் புதைந்திருப்பதால் ஈரம் அங்கேதான் தங்கும், கரையானும் அங்கேதான் பிடிக்கும். தயவுசெய்து வீடு பார்க்கப் போகும்போது இந்த இடத்தைத் தட்டிப் பாருங்கள், அதுவும் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் கண்டிப்பாக.

ஈரம் எங்கிருந்து வந்தது என்றால், சுவருக்கு அந்தப் பக்கம் மாடியில் பக்கத்து வீட்டாருடைய குளியலறை. இந்தப் பக்கம் யாரோ ஒருகாலத்தில் சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விட்டுவிடும், சிமெண்ட் உள்ளேயே அடைத்துவிடும், அது மெதுவாகக் கட்டைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

பக்கத்து வீட்டு அக்காவிடம், "உங்க பக்கம் குழாயை ஒருதரம் பார்க்கலாமா அக்கா" என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "எங்க சுவரும் ஊறித்தான் கிடக்குது தம்பி, உள்ளே வா" என்றார். இணைப்பு ஒன்று விட்டுப்போயிருந்தது, செலவை ஆளுக்குப் பாதி போட்டு மாற்றிவிட்டோம். எனக்கு அன்றைக்குத்தான் இந்தத் தெருவுக்குக் குடிவந்த மாதிரி இருந்தது.

பத்திரத்திலும் சுவரைப் பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் தாய்ப்பத்திரத்தில், அதாவது பழைய மூலப் பத்திரத்தில், நான்கு எல்லை சொல்லும் இடத்தில் வடபுறம் பொதுச்சுவர் என்று எழுதியிருக்கிறது. அப்படி இருந்தால் நம் இஷ்டத்துக்கு அதை இடிக்க முடியாது, பக்கத்து வீட்டாரிடம் கலந்து பேசித்தான் ஆக வேண்டும். மற்றபடி சொத்தின் மேல் அடமானம் ஏதாவது இருக்கிறதா என்று வில்லங்கம் போட்டுப் பார்ப்பது, கல்யாணமாகிப் போன பெண்கள் உட்பட எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் வாங்குவது, இதெல்லாம் வழக்கமானதுதான். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக சொத்து மதிப்பில் 9 சதவீதத்தை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், ரிப்பேர் பணத்தில் கை வைக்காதீர்கள்.

மொத்தம் பதினொரு கட்டை, கெட்டது இந்த ஒன்றுதான். முட்டுக் கொடுத்து இதை மட்டும் மாற்றுகிறோம். சிமெண்ட் பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்தாகிவிட்டது. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு குழைத்துத்தான் பூசப்போகிறார் மேஸ்திரி, ஆனால் சுவர் நன்றாகக் காயாமல் கை வைக்க மாட்டேன் என்கிறார், நானும் அவசரப்படுத்தவில்லை. சரி, கீழே சுண்ணாம்பு வண்டி வந்துவிட்டது, இறங்குகிறேன்.