தனி அஞ்சலகம் கேட்கும் ஊர்கள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

"எங்கள் ஊருக்குத் தனி அஞ்சலகம் வேண்டும், தனிப் பின்கோடு வேண்டும்" என்று கிராம சபைகளில் எழும் கோரிக்கையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒரே மனுவில், ஒரே வரியில் இரண்டையும் கேட்டுவிடுகிறோம். அஞ்சல் துறையின் கணக்கிலோ இவை வேறு வேறு; முதலாவது கிடைத்தால் இரண்டாவது தானாக வந்துவிடாது. இதை அறியாமல் எழுதிய மனுக்கள் கிடப்பில் கிடப்பதைப் பல ஊர்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதை வகுத்தவர் மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் உயர் பொறுப்பில் இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். அவர் சமஸ்கிருதக் கவிஞரும் ஆவார். ஒரே பெயரில் எத்தனையோ ஊர்கள், பல மொழிகளில் எழுதப்படும் முகவரிகள், இவற்றுக்கிடையே கடிதங்களைப் பிரித்து அனுப்ப ஆறு இலக்கங்கள் வழிசெய்தன. நம் எண்கள் 6-இல் தொடங்குகின்றன. கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு ஆகியவற்றுக்கும் அதுவே முதல் இலக்கம். கடைசி மூன்று இலக்கங்கள் உங்கள் தபால்காரரின் பை எந்த அலுவலகத்தைச் சார்ந்தது என்பதைச் சுட்டுகின்றன. ஒரு துணை அஞ்சலகத்தின் கீழ் பல கிளை அஞ்சலகங்கள் இயங்கலாம்; அவை அனைத்துக்கும் அந்தத் துணை அஞ்சலகத்தின் எண்ணே எண். மீண்டும் சொல்கிறேன்: எண் ஊருக்கு உரியது அன்று, பட்டுவாடா அஞ்சலகத்துக்கு உரியது. ஆகவே உங்கள் ஊரில் கிளை அஞ்சலகம் திறந்தாலும் பழைய எண்ணே தொடரும்.

ஆட்சி எல்லையையும் இந்த எண் பார்ப்பதில்லை. புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த ஏனாமின் எண் 533464. அது ஆந்திரத்தின் கோதாவரிக் கரை வரிசை. மாஹேயின் எண் 673310. அது கேரள வரிசை. கடிதம் எந்த வழியாகப் போய்ச் சேருகிறதோ அந்த வழியே எண்ணைத் தீர்மானிக்கிறது. அதே வேளையில், தேவை மெய்யாக இருந்தால் துறை இறங்கி வரும் என்பதற்குச் சபரிமலை சான்று. அங்கே மண்டல, மகரவிளக்குக் காலத்தில் மட்டும் இயங்கும் அஞ்சலகத்துக்கு 689713 என்ற தனி எண் உண்டு. பதினெட்டுப் படிகளைத் தாங்கிய தனி முத்திரையும் உண்டு.

இனி, நான் போகுமிடமெல்லாம் சொல்லும் ஒரு செய்தி. எனக்குத் தெரிந்த ஒரு வட்டாரத்தில் புதூர் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உள்ளன. இரண்டுக்கும் ஒரே எண். நடுவே ஓர் ஆறு. அக்கரைப் புதூரில் அஞ்சலகம் இருக்கிறது, இக்கரைப் புதூரில் இல்லை. கணவரை இழந்த ஒரு பெண்மணிக்குக் காப்பீட்டுத் தொகை பற்றி வந்த கடிதத்தை அவர் எனக்குக் காட்டினார். உறையின் பின்புறத்தில் வட்ட முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து தேதியே படிக்க முடியாதபடி இருந்தன. ஓரத்தில் சிவப்பு மையில் "வேறு புதூர்" என்று யாரோ எழுதியிருந்தார்கள். அது ஆற்றைக் கடந்து, திரும்பி, மறுபடியும் கடந்து அவர் கைக்கு வந்தபோது, பதில் அனுப்பவேண்டிய கெடு முடிந்திருந்தது. அந்த அம்மாள் யாரையும் குறை சொல்லவில்லை. "எங்க ஊருன்னு ஒண்ணு இருக்கிறது அவங்களுக்குத் தெரியணுமேய்யா" என்று மட்டும் சொன்னார். இக்கரைப் புதூர்க்காரர்களின் ஆதார் அட்டையிலும் "அஞ்சல்" என்ற இடத்தில் அக்கரை அஞ்சலகமே இருக்கிறது.

சமவெளியில் ஒரு கிளை அஞ்சலகம் திறக்க, அது சேவை செய்யும் ஊர்களில் 3,000 பேர் இருக்க வேண்டும். அடுத்த அஞ்சலகம் 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். செலவில் மூன்றில் ஒரு பங்காவது வருமானமாக வர வேண்டும். மலைப்பகுதியிலும் பழங்குடியினர் பகுதியிலும் 500 பேர் உள்ள ஊருக்கும் திறக்கலாம். 15 விழுக்காடு வருமானம் போதும். இந்த விதிகளில் எனக்கு உடன்பாடில்லாதது வருமானக் கணக்கு. அஞ்சலகம் இல்லாத ஊரின் மக்கள் தங்கள் சேமிப்புக் கணக்கையும் செல்வமகள் கணக்கையும் அடுத்த ஊரில்தான் தொடங்குகிறார்கள். அந்த வருமானம் முழுவதும் அடுத்த ஊரின் பெயரில் ஏறுகிறது. பிறகு, "உங்கள் ஊரில் வருமானம் இல்லை" என்றால் அது நியாயமா? தூரக் கணக்கும் அப்படியே. முதியவர் ஒருவர் ஆற்றைச் சுற்றிப் பாலத்தின் வழியே நடக்கும் தொலைவுதான் தொலைவு. அதைத்தான் மனுவில் எழுத வேண்டும், வரைபடத்தில் கோடு போட்டு அளந்த தூரத்தை அன்று.

மனு தயாரிக்கும் முறையை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் சுருக்கிக்கொள்கிறேன். கிளை அஞ்சலகத்தை முதலில் கேளுங்கள். கிராம சபைத் தீர்மானம், மக்கள்தொகை, நடைவழித் தூரம், உங்கள் ஊரார் அடுத்த ஊரில் வைத்திருக்கும் கணக்குகளின் பட்டியல், வழிதவறி வந்த உறைகளின் நகல்கள் ஆகியவற்றைச் சேர்த்துக் கோட்ட அஞ்சல் கண்காணிப்பாளரிடம் கொடுத்து ஒப்புதல் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தனி எண் வேண்டுமென்றால், பட்டுவாடாவுடன் கூடிய துணை அஞ்சலகமாகத் தரம் உயர்த்தக் கோரும் மனுவைப் பின்னர் தனியாகக் கொடுங்கள். 2025-இல் அறிமுகமான டிஜிபின் என்ற பத்து எழுத்துக் குறியீடு, ஏறத்தாழ நான்கு மீட்டர் சதுரம் வரை இடத்தைக் காட்டுகிறது. அது வீட்டைக் கண்டுபிடிக்க உதவும், ஆனால் மணியார்டர் கொண்டுவர ஓர் ஆளும், சேமிப்புக் கணக்கு தொடங்க ஒரு மேசையும் அதனால் கிடைத்துவிடாது. அதைப் பற்றி இன்னொரு வாய்ப்பில் பேசுகிறேன். நன்றி, வணக்கம்.