நெஞ்சுப் படபடப்பு என்று வருகிறவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

"நெஞ்சு படபடங்குது டாக்டர், உடம்பெல்லாம் எரியுது, கைகால் அசந்து போகுது." சென்னையில் எந்தத் தெரு கிளினிக்கிலும் கேட்கிற பேச்சு இது. ஈசிஜி எடுப்பார்கள், சரியாக இருக்கும். "உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, போங்க" என்று அனுப்பிவிடுவார்கள். தப்பு அங்கேதான் நடக்கிறது.

மனக்குறையைச் சொன்னால் வீட்டு விஷயம் வெளியே போய்விடும் என்று வளர்ந்தவர்கள் நாம். உடம்பு வலி என்றால்தான் கஞ்சி வைத்துக் கொடுத்துப் படுக்கச் சொல்வார்கள். அதனால் மனச்சோர்வு உடம்பு வழியாகப் பேசுகிறது. அது நடிப்பல்ல, வலி நிஜம். நமக்கு மட்டும் உள்ள வழக்கமும் அல்ல. சீனாவின் ஹூனான் மாகாணத்தில், நரம்புத் தளர்ச்சி என்று சிகிச்சை பெற்ற 100 பேரை ஆர்தர் கிளைன்மன் என்ற மனநல மருத்துவர் ஆராய்ந்து 1982-ல் எழுதினார். அவர்களில் 87 பேருக்கு இருந்தது மனச்சோர்வு நோய்.

வீட்டில் ஒருவர் இப்படிச் சொன்னால் முதலில் ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். அவையும் இதே அசதியைத் தரும். பிறகு அவரைத் தனியாக வைத்துக் கேளுங்கள். மாமியாரோ கணவரோ பக்கத்தில் இருந்தால் பதில் வராது. எடுத்த எடுப்பில் "மனசு சரியில்லையா?" என்றால் "அதெல்லாம் இல்ல" என்றுதான் சொல்வார். "விடியக்காலை மூணு மணிக்கே முழிப்பு வந்துடுதா? அப்புறம் தூக்கம் வரலையா?" என்று தொடங்குங்கள். சோறு ருசிக்கிறதா, தினம் பார்க்கிற சீரியலில் மனம் போகிறதா என்றும் கேளுங்கள். பெரும்பாலான நாட்கள் இப்படியே இரண்டு வாரம் போனால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு வந்தாலோ, அன்றைக்கே. சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது.

மனச்சோர்வுக்கு மருத்துவர் தரும் மாத்திரை தொடங்கிய முதல் வாரம் வயிறு பிரட்டலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நடுவில் "ஒத்துக்கலை" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நிறுத்துவதானால் மருத்துவர் சொல்லி, படிப்படியாக.

கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் வெளிநோயாளியாகவே பார்த்துக்கொள்ளலாம். டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி எண் 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அவர் பேச மறுத்தால், அவருக்காக நீங்கள் பேசுங்கள்.